பேயாண்டி மடியில் பேயாண்டி

வீடு வாங்குவது என்று முடிவு செய்தபோது துளசிராம் செய்த முதல் தப்பு, கையில் காசில்லாமல் இருந்தது. இரண்டாவது தப்பு, அதை ஒளிக்காமல் வங்கியில் போய்ச் சொன்னது. காசில்லாதவனுக்குத்தானே கடன் என்று அவர் நினைத்திருந்தார். பாவம், புவியியல் வாத்தியார். எந்த மலை எங்கே இருக்கிறது, எந்த ஆறு எங்கே போய் விழுகிறது என்றெல்லாம் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். வங்கி எந்தப் பக்கம் ஓடும் என்பது பாடத்திட்டத்தில் இல்லை.

அவரைக் குறை சொல்லவும் முடியாது. பிறந்ததிலிருந்து வாடகை வீடு. அவருடைய அப்பாவும் வாடகை வீட்டில் பிறந்து வாடகை வீட்டிலேயே கண்ணை மூடியவர். இப்போது இருப்பது கே.கே. நகரில் ஒரு மாடிப் போர்ஷன். வீட்டுக்கார அம்மாள் நல்லவர். சுவரில் ஆணி அடிக்கக் கூடாது, மொட்டை மாடியில் வடகம் காயப்போடக் கூடாது, விருந்தாளி வந்தால் தண்ணீர் மோட்டாரை அவர்தான் போடுவார். மற்றபடி உங்க வீடு மாதிரி நினைச்சுக்கங்க என்பார். அந்த அம்மாள்தான் ஒரு நாள் மூச்சு வாங்க மாடியேறி வந்து, மகள் ஜானு பெங்களூரிலிருந்து குடும்பத்தோடு வருகிறாள், ஆனி முடிவதற்குள் காலி செய்து கொடுத்துவிடுங்கள் என்றார். "ஆடியில வீடு மாற மாட்டீங்கள்ல, அதான் முன்னாடியே சொல்லிட்டேன்" என்று அதையும் ஓர் உபகாரம் போலச் சொல்லிவிட்டு இறங்கினார்.

துளசிராமின் மனைவி கனகலட்சுமி பக்கத்திலேயே ஒரு கிளினிக்கில் லேப் டெக்னீஷியன். ஊரார் ரத்தத்தை எடுத்துப் பழகியவள். லேசில் பதற மாட்டாள். அன்றைக்குப் பதறினாள். "இன்னொரு வாடகை வீடு வேண்டாம். இனிமே அடுத்தவங்க சுவத்துக்குப் பயந்து என்னால வாழ முடியாது" என்று சொல்லி அழுதுவிட்டாள். அவர்கள் வீட்டில் பேச்சு சௌராஷ்டிரம், அழுகையும் சௌராஷ்டிரம்தான். துளசிராமுக்கு அது நன்றாகவே புரிந்தது.

கோச்சடையில் அந்த வீடு அகப்பட்டது. பெரிய வீடொன்றும் இல்லை. ஒரு கூடம், இரண்டு அறைகள், முன்னால் ஒரு வண்டி நிறுத்த இடம். எதிரே ஒரு மாவுக் கடை. கனகலட்சுமி உள்ளே நுழைந்ததும் நேரே சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்து, கையில் பிடித்து ஒரு மடக்குக் குடித்துப் பார்த்தாள். பிறகு திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்து துளசிராமுக்கு மட்டுமல்ல, வீட்டுக்காரர் அருள்பாண்டிக்கும் மனசு இளகிவிட்டது.

அருள்பாண்டி எழுமலைக்காரர். மகளுக்கு ஆவணியில் கல்யாணம் வைத்திருந்தார். "சார், உங்களுக்கே தாரேன். ஆனா ஒண்ணு. ஆனிக்குள்ள பத்திரத்த முடிச்சிரணும். ஆடியில நாங்க கையெழுத்துப் போட மாட்டோம். ஆவணி வரைக்கும் காத்திருக்கவும் எனக்குத் தோது இல்ல. ஒரு ஆளு ரொக்கத்தோட வாசல்லயே நிக்கிறாரு. தண்ணியக் குடிச்சுப் பாத்துச்சே தங்கச்சி, அதுக்காகத்தான் அவர நிறுத்தி வச்சிருக்கேன்" என்றார்.

ஆக, ஆனி முடிவதற்குள் கடன் வந்தால் கோச்சடை வீடு. வராவிட்டால் அந்த வீடும் இல்லை, இருக்கிற வீடும் இல்லை. இந்த நிலைமையில்தான் துளசிராம் நல்லில்லம் வீட்டுக்கடன் வங்கியின் கண்ணாடிக் கதவைத் தள்ளினார். இழுக்க வேண்டிய கதவு.

மேலாளர் குருபிரசாத் அருமையான மனிதர். எழுந்து நின்று கை கொடுத்தார். அவருக்குப் பின்னால் சுவரில் ஓர் இளம் தம்பதி, ஒரு பெரிய சாவியை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு வாயெல்லாம் பல்லாகச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் எந்த வங்கியில் கடன் வாங்கினார்கள் என்று துளசிராமுக்குக் கடைசிவரை தெரியவில்லை.

"சார், எங்களுக்குக் கஸ்டமர்தான் தெய்வம்" என்று ஆரம்பித்தார் குருபிரசாத். "தெய்வத்துக்கிட்ட நாம என்ன செய்வோம்? கேப்போம். அதக் குடு, இதக் குடுன்னு கேட்டுக்கிட்டே இருப்போம். தெய்வம் கோவிச்சுக்குமா? நாங்களும் உங்ககிட்ட அப்படித்தான் கேட்டுக்கிட்டே இருப்போம். நீங்களும் கோவிச்சுக்கக் கூடாது."

"எனக்குக் கடன் கிடைக்குமா சார்?"

"ஏன் கிடைக்காது? நாங்க கடன் குடுக்கத்தான் இருக்கோம். உங்களுக்குக் கடன் தேவையே இல்லன்னு நிரூபிச்சிட்டீங்கன்னா உடனே குடுத்திருவோம்."

துளசிராம் சிரித்தார். மேலாளர் சிரிக்கவில்லை. துளசிராம் தம் சிரிப்பை மெல்ல மடித்து வைத்துக்கொண்டார்.

முதல் வேலையாக, வீடு என்று ஒன்று இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்றார்கள். அதற்கு வங்கியின் பொறியாளர் சிவராம் மோட்டார் சைக்கிளில் கோச்சடைக்கு வந்தார். வந்தவர் வீட்டைப் பார்க்கவில்லை, செல்போனைப் பார்த்தார். துளசிராமை வாசலில் நிறுத்திப் படம் பிடித்தார். படத்துக்குக் கீழே இடம் எது என்று தானாகப் பதிவாகிவிடுமாம். பதிவானதைப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது.

"சார், வீடு வைகையாத்துக்குள்ள இருக்கே."

"ஆறு அங்க இருக்கு சார்" என்று கையைக் காட்டினார் துளசிராம். "நாம நிக்கிறது தெரு. நான் புவியியல் வாத்தியார், எனக்குத் தெரியும்."

"நீங்க கண்ணால பாக்குறீங்க. பேங்க் சாட்டிலைட்டால பாக்குது. எது சார் பெருசு?"

அருள்பாண்டி உள்ளேயிருந்து வந்தார். "இம்புட்டு வருசமா இங்கதான குடியிருக்கோம். ஒரு நாளாவது கால் நனைஞ்சிருக்கா? வைகையில தண்ணி வந்தாத்தான சார் நனையும்?"

சிவராம் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. ஆற்றுக்குள் இருக்கும் வீட்டுக்குக் கடன் கொடுக்க விதி இல்லை. ஆனால் அவர் இரக்கமுள்ளவர். போனைக் கையில் ஏந்தியபடி, துளசிராமையும் கூட்டிக்கொண்டு, அங்குலம் அங்குலமாகத் தெருவில் நகர்ந்தார். எதிர்ப்பக்கம் மாவுக் கடைக்கு முன்னால் வந்ததும் போன் அவர்களைக் கரையேற்றியது. "இங்கயே நில்லுங்க, அசையாதீங்க" என்று சொல்லி ஒரு படம் எடுத்தார். வங்கியின் கோப்பில் துளசிராம் வாங்கப்போகும் வீடாக இன்றுவரை இருப்பது, இட்லி மாவுப் பாக்கெட்டுகள் அடுக்கிய அந்தக் கடைதான்.

போகும்போது சிவராம் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "பில்டிங் நல்லா இருக்கு சார். கடன் முடியிற வரைக்கும் தாராளமா நிக்கும்" என்றார். பிறகு துளசிராமை மேலும் கீழும் பார்த்தார். "உங்க விஷயந்தான் சொல்ல முடியாது. இன்சூரன்ஸ் போட்ருவோம்."

இதெல்லாம் ஒன்றுமே இல்லை என்று துளசிராமுக்குத் தெரிந்தது, கோப்பு வங்கி வழக்கறிஞர் அனந்தநாராயணனிடம் போனபோதுதான். அவர் நிதானமானவர். ஒரு வரியைப் படிப்பார், கண்ணாடியைத் துடைப்பார், அடுத்த வரிக்குப் போவார். துளசிராமையும் அருள்பாண்டியையும் எதிரே உட்காரவைத்து, பத்திரங்களை மேசையில் பரப்பினார்.

"முதல்ல இந்த இடத்த வாங்கினவர் எழுமலை காளை மகன் பேயாண்டி. சரியா?"

"சரிங்க சார். எங்க பூட்டன்" என்றார் அருள்பாண்டி.

"அவர் தன் மகன் காளைக்கு எழுதி வச்சிருக்கார்."

"எங்க தாத்தா."

"அந்தக் காளை, திரும்பவும் எழுமலை காளை மகன் பேயாண்டிக்கே எழுதி வச்சிருக்கார்."

"எங்க அப்பா சார்."

வழக்கறிஞர் கண்ணாடியைக் கழற்றினார். "மகனுக்குக் குடுத்த சொத்த அதே ஆளு திரும்ப வாங்கியிருக்கார். அதாவது பரவாயில்ல. பேயாண்டிக்குப் பொறந்த காளைதான் பேயாண்டிக்கு அப்பான்னும் எழுதியிருக்கு. தகப்பனுக்கே தகப்பன். என் சர்வீஸ்ல இப்படி ஒரு குடும்பத்தப் பாத்ததில்ல."

அருள்பாண்டி விளக்க முயன்றார். "சார், எங்க பக்கம் தாத்தா பேரத்தான் பேரனுக்கு வப்பாக. காளை மகன் பேயாண்டி, பேயாண்டி மகன் காளை, காளை மகன் பேயாண்டின்னு அது பாட்டுக்குப் போகும். எனக்குங்கூட காளைன்னுதான் வச்சாக. பள்ளிக்கூடத்துல சேக்கையில வாத்தியாருதான் அருள்பாண்டின்னு மாத்திவிட்டாரு."

"அந்த வாத்தியார் புண்ணியவான்" என்றார் வழக்கறிஞர். "ஆனா சட்டத்துக்கு உங்க வழக்கம் தெரியாது. பேர் ஒண்ணு, தகப்பன் பேர் ஒண்ணு, ஊர் ஒண்ணு. அப்ப ஆளும் ஒண்ணு. ரெண்டு பேருன்னா, மொதல் பேயாண்டி நேர்ல வந்து நான் வேற, அவர் வேறன்னு சொல்லட்டும்."

"அவரு செத்து மண்ணாப் போயி எம்புட்டு காலமாச்சு!"

"இறப்புச் சான்று?"

"அந்தக் காலத்துல யாரு சார் சான்றெல்லாம் வாங்கினா? அழுதுட்டுக் கொண்டுபோயி வச்சிருப்பாக."

"சான்று இல்லையா? அப்ப சட்டப்படி அவர் உயிரோடதான் இருக்கார்."

"உசுரோட இருந்தா சோத்துக்கு எங்க வீட்டுக்குத்தான சார் வரணும்? வரலயே!" என்று அருள்பாண்டி எழுந்துவிட்டார். துளசிராம் அவர் கையைப் பிடித்து உட்காரவைத்தார். ஆனி பாதி போய்விட்டது.

வெளியே வந்ததும் அருள்பாண்டி, "எங்க அப்பன் எங்க அப்பனே இல்லன்னு சொல்லிருவாரு போல இருக்கு. சார், நான் அந்த ரொக்கக்காரருக்கே குடுத்திரவா?" என்று கேட்டார். துளசிராம் மிட்டாய் பிடுங்கப்பட்ட குழந்தை மாதிரி அவரைப் பார்த்தார். அந்த முகத்தைப் பார்த்துவிட்டு அருள்பாண்டிதான் பெருமூச்சு விட்டார். "சரி, சரி. மூஞ்சிய அப்படி வைக்காதீக. ஊருக்குப் போயிப் பாத்துட்டு வாரேன்."

எழுமலைக்குப் போனவர், பெரியப்பா வீட்டுச் சுவரிலிருந்து ஒரு பழைய புகைப்படத்தைச் சட்டத்தோடு கழற்றிக்கொண்டு வந்தார். உசிலம்பட்டி ஸ்டுடியோவில் எடுத்தது. நாற்காலியில் முறுக்கு மீசையோடு ஒரு பெரியவர். அவர் மடியில் இடுப்பில் அரைஞாண் மட்டும் கட்டிய ஒரு குழந்தை. கீழே, வெள்ளைப் பெயின்டில், காளை மகன் பேயாண்டி, காளை மகன் பேயாண்டி என்று எழுதியிருந்தது.

வழக்கறிஞர் அதை வெகுநேரம் பார்த்தார். "இதுல யார் எந்தப் பேயாண்டி?"

"மீசை வச்சிருக்கவரு பூட்டன், சார்."

வழக்கறிஞர் கண்ணாடியைத் துடைத்தார். மறுபடி பார்த்தார். பிறகு பேனாவை எடுத்து எழுதினார். அவருடைய சட்டக் கருத்து இப்படி இருந்தது: "ஒருவர் தம்முடைய மடியில் தாமே அமர இயலாது என்பதால், மேற்படி பேயாண்டியும் மேற்படி பேயாண்டியும் வெவ்வேறு நபர்கள் எனக் கருத இடமுண்டு."

துளசிராமுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வழக்கறிஞரின் காலில் விழாத குறை. மாலையில் கனகலட்சுமியிடம் சொன்னபோது அவள் சிரித்துச் சிரித்துப் புரையேறி, பிறகு பெட்டிகளை எடுத்துப் பாத்திரங்களை அடுக்க ஆரம்பித்துவிட்டாள்.

கொஞ்சம் பொறுத்திருக்கலாம். மறுநாளே வங்கியிலிருந்து கூப்பிட்டார்கள். கடன் பிரிவு அதிகாரி தமிழ்வாணி கணினித் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "சார், இன்னொருத்தர் எங்க?" என்றார்.

"யாரும்மா இன்னொருத்தர்?"

"சம்பளச் சீட்டுல இருக்கிறது ஆர். துளசிராம். படிப்புச் சான்றுல இருக்கிறது கே. ஆர். துளசிராம். நீங்க யாரு?"

துளசிராம் பொறுமையாகச் சொன்னார். சௌராஷ்டிரக் குடும்பங்களுக்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு வீட்டுப் பெயர் உண்டு, படிக்கும்போது அதன் முதல் எழுத்தையும் போட்டார்கள், வேலையில் சேர்ந்தபோது அலுவலகத்தில் அப்பாவின் எழுத்து மட்டும் போதும் என்று விட்டுவிட்டார்கள், இரண்டும் தாமே. தமிழ்வாணி அக்கறையோடு கேட்டுக்கொண்டு, "புரியுது சார். ஆனா சிஸ்டம் ரெண்டு கஸ்டமரா எடுத்துக்கிருச்சு. ரெண்டு நம்பர் வந்திருச்சு. நம்பர் வந்துட்டா ஆளு வந்தாச்சுன்னு அர்த்தம்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "அதுலயும் ரெண்டு பேருக்கும் மனைவி கனகலட்சுமின்னே காட்டுது. அதப் பத்தி நான் ஒண்ணும் கேக்கல சார். அது உங்க குடும்ப விஷயம்."

துளசிராம் மேலாளரிடம் ஓடினார். "சார், ரெண்டு பேயாண்டிய ஒருத்தர்னீங்க. இப்ப ஒரே துளசிராம ரெண்டு பேருங்கிறீங்க. இதுல எது சார் கணக்கு?"

"உணர்ச்சிவசப்படாதீங்க" என்றார் குருபிரசாத் அன்போடு. "நாங்க யாரையும் சந்தேகப்படுறதில்ல. எல்லாரையும் ஒரே மாதிரி நம்பாம இருக்கோம், அவ்வளவுதான். பெரிய மனுஷன், சின்ன மனுஷன்னு இங்க பாகுபாடே கிடையாது. நீங்க ஒரே ஆளுன்னா அதுக்கு ஒரு ஆதாரம் குடுங்க. வக்கீல் சார் அந்தப் பேயாண்டிகளுக்கு என்ன சொன்னார்? மடியில உக்காந்தா வேற வேற ஆளுன்னார். அதத் திருப்பிப் பாருங்க. உங்க மடியில நீங்களே உக்காந்திருக்கிற மாதிரி ஒரு போட்டோ இருக்கா?"

துளசிராம் மேலாளரின் முகத்தைக் கூர்ந்து பார்த்தார். அதில் கேலி துளிக்கூட இல்லை. அதுதான் அவரை உடைத்துவிட்டது. வீட்டுக்கு வந்து கட்டிய பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்தவர், வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. சொந்த வீடு என்பது நம் பரம்பரைக்கு எழுதவில்லை போலிருக்கிறது, அப்பாவுக்கே கிடைக்கவில்லையே என்று நினைத்துக்கொண்டார்.

இருந்தாலும் வங்கியின் கருணை பெரிது. துளசிராம் இரண்டு பேராக இருப்பதை அது பெரிதுபடுத்தவில்லை. ஆர். துளசிராமுக்குச் சம்பளம் இருக்கிறது. கடனை அவருக்கே கொடுக்கலாம் என்று தீர்மானித்தது. மற்றவர் ஓரமாகக் கணினியிலேயே இருந்துவிட்டுப் போகட்டும். ஆனி முடியப் போகும் வாரத்தில் கோப்பு மேலாளர் மேசைக்கு வந்து சேர்ந்தது. கடைசி முகூர்த்தத்துக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் டோக்கனும் போட்டாயிற்று. அருள்பாண்டி, ரொக்கக்காரரிடம் அதுவரை பொறுக்கச் சொல்லியிருந்தார். அதற்கு மேல் ஒரு நாளும் முடியாது என்று கறாராகவும் சொல்லிவிட்டார்.

"எல்லாம் ரெடி" என்றார் குருபிரசாத். "ஜாமீன் மட்டும்தான் பாக்கி."

"ஜாமீனா? இம்புட்டு நாளா யாரும் சொல்லலியே!"

"எல்லாத்தையும் மொதல்லயே சொல்லிட்டா கஸ்டமர் பயந்துருவாங்க சார். பக்குவமாத்தான் சொல்லணும். மதுரையில குடியிருக்கிற, மாசச் சம்பளம் வாங்குற ஒருத்தர். ஆனா சொந்தக்காரரா இருக்கக் கூடாது. சொந்தக்காரங்க இரக்கப்பட்டுப் போட்ருவாங்க. உங்கள நல்லாத் தெரிஞ்சவரா மட்டும் இருக்கணும்."

துளசிராம் பள்ளிக்கூடத்தில் ஒவ்வொருவராகப் போய் நின்றார். மனுஷர்களின் உடம்புக்கு அன்றைக்கென்று என்னென்னவோ வந்துவிட்டது. கணக்கு வாத்தியார் ராஜகுரு, இத்தனை வருஷம் ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்டவர், "எனக்கென்ன மாப்ள, தாராளமாப் போடுவேன். வீட்டுல ஒரு வார்த்தை கேட்டுட்டு வாரேன்" என்று போனவர், இராமேஸ்வரத்துக்குத் தீர்த்தமாடப் போய்விட்டதாகத் தகவல் வந்தது. செல்போனை அணைத்துவிட்டுத்தான் தீர்த்தமாட வேண்டுமாம்.

முகூர்த்தத்துக்கு முந்தின நாள், கனகலட்சுமி கிளினிக்கில் லீவு சொல்லிவிட்டுத் தானே வங்கிக்கு வந்தாள். மேலாளர் அறையில் மேலாளர், தமிழ்வாணி, இவர்கள் இருவர். துளசிராம் மறுபடியும் கெஞ்சத் தயாரானார். கனகலட்சுமி அவரைக் கையமர்த்தினாள்.

"சார், உங்க கம்ப்யூட்டர்ல கே. ஆர். துளசிராம்னு ஒருத்தர் இருக்காருல்ல?"

தமிழ்வாணி தட்டிப் பார்த்தார். "இருக்கார் மேடம்."

"மதுரைக்காரர்தானே?"

"கே.கே. நகர்னு காட்டுது."

"சம்பளக்காரர்?"

"டீச்சர்."

"இவருக்கு அவர் சொந்தமா?"

தமிழ்வாணி திரையை மேலும் கீழும் ஓட்டினார். "இல்ல மேடம். எந்த உறவும் காட்டல."

"அப்ப அவரே ஜாமீன் போடட்டும்" என்றாள் கனகலட்சுமி.

மேலாளர் விதிப் புத்தகத்தை எடுத்தார். விரலை வைத்து வரி வரியாகப் படித்தார். புத்தகத்தில் அதைத் தடுக்கும் விதி எதுவும் இல்லை. சட்டென்று அவர் முகம் மலர்ந்தது. பல நாள் தேங்கிய கோப்பு நகரும்போது அதிகாரிகளுக்கு வரும் மலர்ச்சி.

"ஜாமீன்தாரருக்குக் கடன் வாங்குறவரை எத்தனை காலமாத் தெரியும்?"

"பொறந்ததிலேர்ந்து சார்" என்றார் துளசிராம்.

"ரொம்ப நல்லது. ஆனா முறைப்படி செய்வோம். கடன் வாங்குறவர் இந்த நாற்காலி, ஜாமீன்தாரர் அந்த நாற்காலி. ரெண்டு பேரும் என் முன்னாடிதான் கையெழுத்துப் போடணும்."

துளசிராம் இந்த நாற்காலியில் உட்கார்ந்து, காட்டிய இடத்திலெல்லாம் ஆர். துளசிராம் என்று கையெழுத்துப் போட்டார். எழுந்து, மேசையைச் சுற்றிக்கொண்டு போய், அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். குருபிரசாத் தம் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, அப்போதுதான் அறிமுகமானவரைப் போலப் பேச ஆரம்பித்தார்.

"வாங்க சார். ஒரு வார்த்தை சொல்லிடுறேன், தப்பா எடுத்துக்காதீங்க. ஜாமீன் போடுறது சாதாரணமில்ல. நாங்க கடன் குடுக்கும்போது வாங்குறவர் முகத்தப் பாத்துச் சிரிப்போம். திரும்ப வரலன்னா உங்க முகத்தத்தான் பாப்போம். அப்ப சிரிக்க மாட்டோம். அந்த ஆள் மேல உங்களுக்கு உண்மையிலேயே நம்பிக்கை இருக்கா?"

துளசிராம் எதிரே காலியாகக் கிடந்த நாற்காலியைப் பார்த்தார். வாயில் வந்ததைச் சொல்லிச் சமாளித்துவிடலாம் என்றுதான் நினைத்தார். ஆனால் அந்த நாற்காலியைப் பார்க்கப் பார்க்க அவருக்கு உண்மையாகவே என்னவோ செய்தது.

"நல்ல மனுஷன் சார்" என்றார். "யாரையும் ஏமாத்தத் தெரியாது. கொஞ்சம் பயந்த சுபாவம். இங்க நடந்து நடந்து பாதி ஆளாப் போயிட்டார். அவருக்கு ஒரு வீடு அமையணும் சார். நான் இருக்கேன்."

கனகலட்சுமி புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். சிரித்தாளா அழுதாளா என்று துளசிராமுக்குத் தெரியவில்லை. தமிழ்வாணி மூக்கை உறிஞ்சினார். மேலாளரே ஒரு கணம் கலங்கி, "இந்தக் காலத்துல இப்படி ஒரு சிநேகிதமா!" என்றார். அவர் அதையும் கேலியாகச் சொல்லவில்லை.

மறுநாள் சார்பதிவாளர் அலுவலகத்தில் கல்யாண வீட்டுக் கூட்டம். கடைசி முகூர்த்தம் என்று மதுரையே பத்திரத்தோடு வந்து நின்றது. வியர்த்து விறுவிறுத்துப் பத்திரம் பதிவாகி, அருள்பாண்டி வெளியே வந்ததும் துளசிராமின் கையில் சாவியைத் திணித்தார். "எங்க பூட்டன் மடியில எங்க அப்பன் உக்காந்ததால நீங்க வீடு வாங்குனீக. மகராசனா இருங்க சார். தங்கச்சி, கல்யாணத்துக்கு வந்துரணும்" என்று சொல்லிவிட்டு வண்டியேறினார். பால் காய்ச்சியாயிற்று. சாமான்கள் வந்து இறங்கின. ஆடி பிறந்தபோது அவர்கள் கோச்சடையில் இருந்தார்கள்.

ஆடிக் காற்று புழுதியை வாரிக்கொண்டு வந்த ஒரு மத்தியானம், துளசிராம் கூடத்தில் தரையில் படுத்துக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நாளாக அதுதான் அவருக்குப் பொழுதுபோக்கு. செல்போன் அடித்தது. வங்கியின் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு பெண்.

"கே. ஆர். துளசிராம் சாருங்களா?"

"ஆமாம்மா."

"சார், நீங்க ஆர். துளசிராம்ங்கிறவருக்கு ஜாமீன் போட்டிருக்கீங்க. எங்க ஆளு விசாரிக்கிறதுக்காக அவரோட கே.கே. நகர் வீட்டுக்குப் போயிருக்கார். வீட்டக் காலி பண்ணிட்டு, சாமான் செட்டோட போயிட்டாராம் சார். கடன் வாங்கின கையோட ஆளக் காணோம். எங்களுக்கு ரொம்பக் கவலையா இருக்கு."

துளசிராம் எழுந்து உட்கார்ந்தார். "வீடு வாங்குறதுக்குத்தானேம்மா கடன் குடுத்தீங்க?"

"ஆமா சார்."

"வாங்கினா காலி பண்ணிட்டுப் போகத்தானேம்மா செய்வார்?"

எதிர்முனையில் காகிதம் புரளும் சத்தம் கேட்டது. "அதெல்லாம் எங்க ரெக்கார்டுல இல்ல சார். அவர் இப்ப எங்க இருக்கார்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்மா. என்கூடத்தான் இருக்கார். கோச்சடையில."

"உங்ககூடவா?" அந்தப் பெண்ணின் குரலில் பெரிய நிம்மதி. தட்டச்சுச் சத்தம் கேட்டது. "குறிச்சுக்கிறேன் சார். வாடகைக்கு இருக்காரா?"

துளசிராம் சுற்றிலும் பார்த்தார். சமையலறையில் கனகலட்சுமி எதையோ தாளித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இல்லம்மா" என்றார். "சொந்த வீடு."

அது கொஞ்சம் சத்தமாகவே வந்துவிட்டது. எதிரே மாவுக் கடைக்காரர் தலையைத் தூக்கிப் பார்த்தார். கனகலட்சுமி கரண்டியோடு நிலைப்படிக்கு வந்துவிட்டாள்.

"சரிங்க சார், நன்றி. வைக்கட்டுமா?"

"இருங்கம்மா, வச்சிராதீங்க" என்றார் துளசிராம். "இப்ப ஒண்ணு கேட்டீங்கள்ல, அத இன்னொரு தடவை கேளுங்களேன்."